முழுப் பெயரைச் சொல்லவும்

புருல் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது உள்ளங்கை அளவு சதுரம் ஒன்றுக்குள். தலைநகர் பிஷ்கெக்கில், எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையவழித் தேர்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்போது எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு திரையில் பன்னிரண்டு சதுரங்கள். ஒவ்வொன்றிலும் தன் வீட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதும் ஒரு முகம். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. இதற்கா சம்பளம் என்று ஊரில் கேட்பார்கள். ஆமாம், இதற்குத்தான். ஜும்கால் மலையில் ஆடு மேய்த்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார். அந்தச் சான்றிதழுக்குக் கிடைத்த வேலை இது. அதை இழந்துவிடக் கூடாது என்ற பயம் எப்போதும் எனக்குள் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு தொடங்குமுன் ஒவ்வொருவரும் மூன்று காரியம் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். பிறகு, "முழுப் பெயரைச் சொல்லவும்" என்று பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் கேட்கும். இருபது விநாடிக்குள் தன் முழுப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த டிசம்பர் காலையில் ஏழாவது சதுரத்தில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் காட்டினார். அறையைக் காட்டினார். "புருல்" என்றார். அத்தோடு நின்றுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. கண் கதவுப் பக்கம் போனது. இருபது விநாடி முடிந்தது. "அடையாளம் உறுதியாகவில்லை" என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சதுரம் அணைந்தது.

பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் புருல் பெய்ஷென்பெகோவா. கல்யாணமானவர்; எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பின் மாமனார் பெயர்தான் குடும்பப் பெயர். பெய்ஷென்பெக் யாராக இருக்கும் என்று எனக்கு அந்த இருபது விநாடியிலேயே தெரியும். எங்கள் பக்கத்து மருமகள் எவளும் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். தெரிந்துதான் அழுத்தினேன்.

பிப்ரவரியில் இன்னொரு தேர்வு. அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது என் பக்கத்து இருக்கைக்காரி. அக்கா பெயரைச் சொன்னாராம், ஆனால் இயந்திரத்துக்குக் கேட்காத அளவு கிசுகிசுப்பாக. மறுபடி சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் பெயரையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். படித்த நாலு வருடமும் போச்சு. விட்டுப்போன இரண்டையும் சேர்த்து எழுத அக்காவுக்கு மிச்சம் இருந்தது ஜூனில் வரும் இறுதித் தேர்வு ஒன்றுதான்.

மார்ச் மாதம் ஒருநாள் மையத்துத் தொலைபேசி அடித்தது.

"தேர்வு மையமா? டிசம்பர்ல எனக்குச் சிவப்பு போட்டது யாரு? திட்டக் கூப்பிடல, சும்மா தெரிஞ்சுக்கணும்."

பெயரைக் கேட்டேன். புருல் என்றார். "நான்தான்கா."

"நீ எந்த ஊரு தம்பி?"

"ஜும்கால்."

"ஜும்கால்காரனா இருந்துட்டு இது தெரியாதா உனக்கு?"

"தெரியும்கா."

"தெரிஞ்சுமா போட்ட?"

விதி என்று முனகினேன். பிறகு, "சரி விடு. உன் அம்மா இப்பவும் உன் தாத்தா பேரைச் சொல்லாமத்தானே இருப்பாங்க. அவங்ககிட்ட ஒரு வழி கேட்டுச் சொல்லு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இல்லை.

அதிலிருந்து அக்கா அடிக்கடி கூப்பிடுவார். அட்-பாஷி பக்கம் ஒரு கிராமம். வயது இருபத்தேழு. நாலு வயதில் ஒரு மகள். கணவர் மிர்லான் கோடையெல்லாம் மந்தையோடு மேய்ச்சல் மலையில் இருப்பார். ஊர் மழலையர் பள்ளியில் அக்கா உதவியாள். குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, தூங்கவைக்கிற வேலை. செப்டம்பரில் அங்கே ஆசிரியை இடம் ஒன்று காலியாகிறது. பட்டம் கையில் இருந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

முதல் மூன்று வருடம் இந்தச் சிக்கலே வரவில்லை. அப்போது தொலைவழி மாணவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை பிஷ்கெக் வந்து விடுதியில் தங்கித் தேர்வு எழுதுவார்கள். பெயர்ப்பட்டியலை ஆசிரியர் வாசிப்பார். இவர்கள் கையைத் தூக்கினால் போதும். கல்யாணப் பதிவிலும் கையெழுத்துத்தான். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஆறு வருடம் வாழ்ந்தவர், அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிறகு பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றியது. வீட்டிலிருந்தே படிக்கலாம், வீட்டிலிருந்தே எழுதலாம் என்று விளம்பரம் செய்தார்கள். வீடு எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

"ஒருதடவைதானேக்கா, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"உனக்குப் புரியல தம்பி. இது வெக்கம் இல்ல. பயம்."

பயத்தின் கதை இது. அந்த வீட்டு மூத்த மருமகள் அனார், ஏழு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் முற்றத்தில் நின்று மாமனாரைப் பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறாள். அந்தக் குளிர்காலத்திலேயே பெரியவருக்கு வலது காலும் கையும் இழுத்துக்கொண்டன.

"டாக்டர் உப்புன்னு சொன்னாரு. அத்தை அனார்னு சொன்னாங்க. நான் வந்ததும் உப்பையும் குறைச்சேன், வாயையும் மூடினேன். எது காரணம்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க படிச்சவங்க. நீங்களே நம்பலாமா?"

"நம்பிக்கையெல்லாம் இல்லடா. ஆனா சொன்ன மறுநாள் அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அத்தை மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? என் மூஞ்சிலயே எப்படி முழிக்கிறது?"

பெரியவருக்குச் சர்க்கரையும் உண்டு. காலையும் மாலையும் அக்காதான் ஊசி போடுவார். அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஊசியைப் பிடிக்கத் தெரியாது. அதனால் பிஷ்கெக்குக்கு நேரில் வந்து எழுதவும் வழியில்லை.

எங்கள் மையத் தலைவி ரைகான் மேடத்திடம் போய்ச் சொன்னேன். பிஷ்கெக்கில் பிறந்து வளர்ந்தவர். கெட்டவர் இல்லை.

"ஏமாத்தல மேடம். மாமனார் பேரு. மருமக சொல்லக்கூடாது."

"நான் என் மாமியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன். அவங்க இன்னும் எல்லாக் கல்யாணத்துலயும் ஆடிட்டுத்தான் இருக்காங்க."

"கிராமத்துல அப்படி இல்ல மேடம். எழுதிக் காட்டினா ஒத்துக்கலாமா?"

"போன வருஷம் தங்கச்சிக்குப் பதிலா அக்கா உட்கார்ந்து எழுதினாளே, மறந்துட்டியா? அதுக்கப்புறம்தான் இந்தக் குரல் விதியே வந்துச்சு. நாலாயிரம் பேர் எழுதுறாங்க தம்பி. ஒருத்திக்கு மாமனார், இன்னொருத்திக்கு மூத்த மச்சான். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டா அப்புறம் பூட்டு எதுக்கு? ஒண்ணு, நேர்ல வரச் சொல்லு. இல்ல, பேரைச் சொல்லச் சொல்லு."

இதை அக்காவிடம் சொன்னேன். "தேர்வு என்னிக்கு?" என்று கேட்டார்.

"ஜூன் பன்னெண்டு. வியாழக்கிழமை."

"அட கடவுளே. வெள்ளிக்கு முந்தின நாளா!"

எங்கள் மொழியில் வியாழனுக்கும் பெரியவர் பெயருக்கும் தொடக்கம் ஒன்றுதான். வியாழனன்று பிறந்ததால் வைத்த பெயர். அதனால் அந்த வீட்டு மருமகள் கிழமையின் பெயரையும் சொல்வதில்லை.

ஏப்ரலில் அக்கா பயிற்சி தொடங்கினார். தொழுவத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பசுவின் முதுகைத் தடவியபடி சொல்லிப் பார்ப்பாராம்.

"முதல்நாள் பாதிப் பேர்தான் வந்துச்சு. மாடு திரும்பி என்னைப் பார்த்துச்சு தம்பி. அதுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு வெளியே ஓடிவந்துட்டேன்."

ஒவ்வொரு தடவை சொன்னதும் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பெரியவரை எட்டிப் பார்ப்பார். மூச்சு வருகிறதா, முகம் கோணியிருக்கிறதா என்று. ஒருநாள் பெரியவரே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, ஒருநாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்குற? செத்துட்டேனான்னா?"

"ஐயோ, இல்ல மாமா! டீ வேணுமான்னு..."

"வேணும். ஆனா செத்துட்டேனான்னு பார்க்குற மாதிரிதான் பார்க்குற."

இதைச் சொல்லிவிட்டு அக்கா தொலைபேசியில் அழுதார். அந்தச் சமயத்தில் எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது என்று பின்னால் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

ஜூன் பன்னிரண்டு. என் திரையில் அக்காவின் சதுரம் வரும்படி பக்கத்து இருக்கைக்காரியோடு மாற்றிக்கொண்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வெள்ளைத் தலைத்துணி கட்டி அக்கா வந்து உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டைக் காட்டினார். கேமராவைச் சுற்றினார். அடுக்கிவைத்த மெத்தைகள், சன்னல், சாத்திய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவரின் அறை. மாமியார் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்.

"முழுப் பெயரைச் சொல்லவும்."

"புருல்" என்றார். கண் கதவுக்குப் போனது. ஐந்து விநாடி. ஒன்பது. கழுத்து நரம்பு துடிப்பது அந்தச் சின்னச் சதுரத்திலும் தெரிந்தது. பதினான்கில் கண்ணை இறுக்கிக்கொண்டு, "பெய்ஷென்பெகோவா!" என்று கத்திவிட்டார். கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் இயந்திரத்துக்குக் கேட்காமல் போனது அல்லவா? இந்த முறை என் காதே வலித்தது.

பச்சை விழுந்தது. நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

முதல் கேள்வி திரைக்கு வந்தது. அக்கா படிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். ஒன்றுமில்லை. ஒரு ஈயின் ரீங்காரம். பிறகு மரக்கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தரையில் ஏதோ கனமாக விழுந்தது.

அதன்பின் ஈயின் சத்தம்கூட இல்லை.

தேர்வு முடியும்வரை சதுரத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தொண்ணூறு விநாடி முகம் தெரியாவிட்டால் தேர்வு தானாகவே மூடிக்கொள்ளும். அக்காவுக்கும் அது தெரியும். கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்க்க அவருக்கு வழியில்லை. ஆனாலும் என்னைத்தான் பார்த்தார். மறுகணம் சதுரத்தில் மெத்தைகள் மட்டும் இருந்தன.

"இணைப்புக் கோளாறு" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கடிகாரம் நிற்கும். உண்மையிலேயே இணைப்பு அறுந்தால் மட்டும் அழுத்த வேண்டியது. பொய்யாக அழுத்தியவர்களை வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை.

ஹெட்போனில் அக்காவின் குரல் தூரத்தில் கேட்டது. "மாமா! மாமா! கண்ணைத் திறங்க!" பிறகு ஓடும் சத்தம், டப்பா உருளும் சத்தம். பிறகு தணிந்த ஒரு கிழக்குரல் ஏதோ கேட்டது. என்ன என்று புரிவதற்குள் தொண்ணூறு விநாடி முடிந்துவிட்டது.

என்ன கேட்டார் என்று அக்கா ஒரு வாரம் கழித்துச் சொன்னார். கதவருகே பெரியவர் விழுந்து கிடந்திருக்கிறார். உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லிட்டு, மணிக்கட்டு வளைந்து. காலை ஊசிக்குப் பிறகு சரியாகச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருந்தது. அக்கா ஜாம் டப்பாவை எடுத்து விரலால் வாயில் தடவினார். கண் திறந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "யாரும்மா வந்திருக்கா? என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே."

அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் அப்பா, மாமா, தாத்தா. மனைவிக்கு "இந்தாங்க". பெயர் சொல்லிக் கூப்பிடும் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. திடீரென்று வீட்டுக்குள் தன் பெயர் கேட்டதும் யாரோ பழைய ஆள் வந்திருக்கிறான் என்று எழுந்திருக்கிறார்.

"நான்தான் மாமா" என்று அக்கா சொன்னார். வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லையாம்.

மாமியார் மதியம் வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

மாமியார் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பெரியவர்தான் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார். "பேரைச் சொன்னதால விழல. எழுந்ததால விழுந்தேன். முட்டி சரியில்ல."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாள் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவரும் எதையோ யோசித்தபடியே கிடந்தார். வீட்டுக்குள் நடக்கவே பயமாக இருந்தது என்றார் அக்கா.

இங்கே மையத்தில் குழு உட்கார்ந்து பதிவைப் பார்த்தது. ரைகான் மேடம் இரண்டு தடவை பார்த்தார். "அடையாளம் உறுதி, அதனால நீக்கம் இல்ல. வெளியேறினது விதிமீறல், அதனால தேர்வு ரத்து. ஜனவரியில மறுதேர்வு" என்று எழுதச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்துல நான் இருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

ஜனவரி என்றால் செப்டம்பர் இடம் போய்விட்டது என்று பொருள். அக்காவிடம் அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு. "சரி தம்பி" என்றார். அவருக்கு அப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருந்தது.

நாலாம் நாள் பெரியவர் கூப்பிட்டு, "பாஸ்போர்ட்டை எடுத்து வை. நாளைக்கு மாவட்ட ஆபீசுக்குப் போறோம். உன் அப்பன் பேருக்கே மாத்திக்கோ" என்றிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் மருமகள் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்புவது ஒரே ஒரு சமயத்தில்தான். அவளை அனுப்பிவிடும்போது. அக்கா கணவரைக் கூப்பிட்டுப் பார்த்தார். மலையில் இருந்த மிர்லானுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. ஏன் என்று மாமனாரிடம் கேட்கும் தைரியம் இல்லை. மகளின் உடுப்புகளை ஒரு பையில் எடுத்து வைத்தார். பிறகு, குழந்தையை விடமாட்டார்கள் என்று நினைத்து மறுபடி வெளியே எடுத்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து, ஆபீஸ் வரும்வரை சத்தம் வராமல் அழுதார்.

சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "விவாகரத்தா?" என்று கேட்டாள்.

"யாருக்கு, எனக்கா?" என்றார் பெரியவர். "எழுபத்து மூணு வயசுல எவ வருவா?"

"உங்களுக்கு இல்ல ஐயா, இவங்களுக்கு."

"இவ என் மருமக. என் வீட்லதான் இருப்பா. பேரு மட்டும் இவ அப்பனோடது. பரீட்சைக்குப் பரீட்சை என் பேரைச் சொல்லணுமாம். இவ சொல்லச் சொல்ல நான் எழுந்து எழுந்து விழுறதுக்கு என்கிட்ட அவ்வளவு எலும்பு இல்ல."

அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா பாஸ்போர்ட்டைச் சன்னலுக்குள் நீட்டினார்.

வீட்டில் மாமியார் விடவில்லை. "பேரை எடுத்துட்டா ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து எனக்கு ஊசி போடுது?" என்றார் பெரியவர்.

புதிய பாஸ்போர்ட் வர ஆகஸ்ட் ஆனது. அதைப் பல்கலைக்கழகப் பதிவில் மாற்ற நவம்பர். நாலு துறை, ஏழு கையெழுத்து. அதை மட்டும் நான் ஓடி ஓடிச் செய்தேன். செப்டம்பரில் அந்த ஆசிரியை இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து அக்காதான் கஞ்சி காய்ச்சினார்.

ஜனவரி மறுதேர்வில் "புருல் எசென்குலோவா" என்று ஐந்தாம் விநாடியிலேயே சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் இரண்டு மணி நேரமும் கண் கதவுப் பக்கமே போய்ப் போய் வந்தது. பார்வை விலகுகிறது என்று இயந்திரம் பதினொரு முறை மஞ்சள் காட்டியது. மஞ்சளுக்குத் தண்டனை கிடையாது.

அக்கா தேறிவிட்டார். இப்போது தன் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிராமத்து மழலையர் பள்ளியில் ஆசிரியை. காலை ஊசியைப் போட்டுவிட்டு ஏழரை மணி வண்டியில் போகிறார். பெரியவர் உயிரோடு இருக்கிறார். கை சேர்ந்துவிட்டது, லேசாகக் கோணல். மாமியார் பேசத் தொடங்கிவிட்டார், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. நான் இன்னும் அதே மையத்தில்தான் வேலை பார்க்கிறேன்.